வாராவாரம் காற்று

"இந்த அறையில ஒரு ராத்திரி படுத்தா ஆளு விறைச்சே போயிடும்மா!"

அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரின் மேல் வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள் பெத்தன். கூடத்தில் கொதிக்கிறது, சமையலறையில் கொதிக்கிறது. அம்மா படுக்கும் மாடி அறைக்கு மட்டும் வெந்நீர் ஏறமாட்டேன் என்கிறது.

"குழாய்ல காத்து அடைச்சுக்குதுடி. குவிலிம் வந்து எடுத்துவிட்டா சரியாயிடும்" என்றாள் ஓல்வென். ரேடியேட்டர் மேல் நேற்றிரவு துவைத்துப் போட்டிருந்த காலுறைகளை மகள் உருவ, அவசரமாக வாங்கி மடித்து வைத்தாள். அவை மொடமொடவென்று காய்ந்திருந்தன.

"வாராவாரம் காத்தா? உன் வீட்டுக் குழாய்ல தண்ணி ஓடுதா, காத்து ஓடுதா?"

பெத்தன் கார்டிஃபிலிருந்து ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் முதியவர்களுக்கான குடியிருப்பில் ஓர் இடம் காலியாகியிருந்தது. இன்று மாலைக்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும். ஓல்வெனுக்கோ இந்தத் தெருவை விட்டுப் போவதென்றால் உயிரே போவது மாதிரி. குளிரில் நடுங்கிக்கொண்டு என்ன பிடிவாதம் என்பது மகளின் கட்சி.

அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் குவிலிம் நின்றிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். ரேடியேட்டரில் காற்று எடுக்க வருகிறவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரியிருந்தார். வேலை ஏதும் இல்லாமல் அடுத்த வீட்டுப் படி ஏறுவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. வேலை என்று வந்தால், கோட்டு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

"என்ன பொண்ணே! கார்டிஃப் குளிரையெல்லாம் இங்க மூட்டை கட்டிக் கொண்டாந்துட்டியா?"

"குளிர் உற்பத்தியே இங்கதான் மாமா. அதான் அம்மாவை என்னோட கூட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

குவிலிமின் கையிலிருந்த, காற்றுத் திறக்கிற சின்னச் சாவி நழுவி விழுந்தது. "கூட்டிட்டா? எதுக்கு? சும்மா காத்துதானேம்மா!"

கொதிகலனை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு பழந்துணியோடு மாடி ஏறினார். ரேடியேட்டர் முன் மண்டியிட்டு, மேல்முனையில் சாவியைப் போட்டார். 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகச் சத்தம் வந்தது. அவருடைய அகன்ற முதுகு மறைத்ததில் பெத்தனுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"கேட்டியா? எவ்வளவு காத்து!" என்று பெருமையோடு எழுந்தார்.

கொதிகலனை மறுபடி போட்டதும் மாடி அறை கதகதவென்று ஆனது. கீழே டீயும் வெல்ஷ் கேக்கும் காத்திருந்தன. குவிலிம் மூன்றாவது கேக்கை எடுத்தபோது ஓல்வென் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள்.

"அடுத்த வாரமும் இதே கதைதானே மாமா?" என்றாள் பெத்தன்.

"அடுத்த வாரமும் நான் இருக்கேனே!" என்றார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "கிளம்பறதுக்கு முன்னாடி மேல ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

குடியிருப்புக்காரர்களுக்குச் சொல்லிவிடலாம் என்று பெத்தன் போனைத் தேடினாள். அது மாடியில் இருந்தது. படியேறியவள், பாதி திறந்திருந்த கதவின் வழியே பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். குவிலிம் தரையில் குனிந்து, ரேடியேட்டரின் அடியில் வெந்நீர் நுழைகிற இடத்துத் திருகை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

தடதடவென்று இறங்கிச் சமையலறைக்குள் புகுந்தாள்.

"அம்மா! காத்தும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல! வெந்நீர் வர்ற வழியை அந்த மனுஷனே மூடறார்! அடுத்த வாரம் இங்க வர ஒரு சாக்கு வேணுமாம். அந்த 'ஸ்ஸ்ஸ்' கூட அவர் வாயிலேர்ந்து வந்ததாத்தான் இருக்கும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறார்!"

ஓல்வென் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்கு டீயும் பேச்சுத்துணையும் வேணும்கறதுக்காக நீ வாரம் பூரா குளிர்ல நடுங்கணுமா? இரு, மேல போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

ஓல்வென் பாய்ந்து மகளின் கையைப் பிடித்தாள். மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுடி! அவர் போனதும் நான் அதைத் திறந்துவிட்டு, வர்றதுக்கு முன்னாடி மூடி வைக்கிறது அவருக்குத் தெரியாது."