குடியுரிமைக்கு ஒரு கேள்வி

மறுபடியும் அந்தக் கேள்வியிலேயே வந்து மாட்டிக்கொண்டாள்.

"உள்நாட்டுப் போர் வரக் காரணமா இருந்த ஒரு பிரச்சினையைச் சொல்லு."

கணவன் கதிரேசன் செல்போனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நாளைக் காலை அவளுக்கு அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல். கொடியில் எத்தனை நட்சத்திரம், செனட்டர் எத்தனை பேர், எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. இது மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது.

எப்படி ஏறும்? ஒரு வாரமாக இந்த வீட்டில் நிம்மதி இருக்கிறதா?

எல்லாம் இந்த முத்துப்பேச்சியால் வந்தது.

சமையலுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கூட்டி வந்த பெண். வந்த அன்றே அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான். தொலைத்துவிட்டு நின்றால் யார் அலைவது?

இப்போது ஊரில் அவள் மகள் வயசுக்கு வந்துவிட்டாளாம். சடங்குக்குப் போயே ஆக வேண்டுமாம்.

போனால் திரும்பி வருவாளா?

முடியாது என்றால் மூக்கைச் சிந்துகிறாள். அதைப் பார்த்து மனம் இளகி, "அனுப்பிடலாம்" என்று ஆரம்பித்த கதிரேசன் இன்னும் ஓயவில்லை. அவன் படுக்கை ஹாலுக்குப் போய்விட்டது.

எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"மூணு பதில் இருக்கு. ஏதாவது ஒண்ணு சொன்னாப் போதும்" என்றான்.

"மாநிலங்களோட உரிமை."

"எதுக்கு உரிமை?"

"அதெல்லாம் ஆபீசர் கேக்க மாட்டார்."

"நான் கேக்குறேன்."

"அடிமைகளை வெச்சுக்கிற உரிமை. போதுமா?" குரல் தானாக உயர்ந்தது. "இதுக்காகவா தெற்கு மாநிலமெல்லாம் பிரிஞ்சு போச்சு? அண்ணன் தம்பியே சுட்டுக்கிட்டுச் செத்தாங்க? ஒரு நாடே ரெண்டாகிற வரைக்கும் அப்படி என்னங்க வீம்பு? விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!"



சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. முத்துப்பேச்சி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

கதிரேசன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். கையை நீட்டினான்.

"அலமாரிச் சாவியக் குடு."

நேர்காணலை நாளைக்கு வைத்துக்கொண்டு இப்போதா இந்தப் பேச்சு? கோபத்தில் அவளுக்குக் காது சுட்டது. தாலிக்கொடியில் கோத்திருந்த சாவியை நைட்டியோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்லேவரி" என்றாள். "சரிதானே? அடுத்த கேள்வி கேளுங்க."

நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.