இருபத்து மூன்றாவது புகார்

"இந்த நர்ஸ் இன்னைக்கே வேலையை விட்டுப் போகணும். அதுவரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்!"

தலைமைச் செவிலியின் மேசைமீது ஒரு தாள்கட்டைப் பொத்தென்று போட்டார், நோயாளி ஒருவரின் மகன்.

அவருடைய தந்தை, இறுதிக்காலப் பராமரிப்புப் பிரிவின் ஜன்னலோரப் படுக்கையில் இரண்டு மாதம் இருந்து, மூன்று நாள்களுக்கு முன்புதான் கண்மூடினார். மூக்குக்கண்ணாடி, துண்டு ஆகியவற்றோடு மருத்துவமனை கொடுத்தனுப்பிய பையில் இந்தத் தாள்களும் இருந்தன.

"இருபத்து மூணு நாள், இருபத்து மூணு புகார் மேடம்! அத்தனையும் இவங்க மேல!"

செவிலி கதவோரம் கைகட்டி நின்றாள்.

"படிங்க சார், கேட்கிறேன்" என்றார் தலைமைச் செவிலி.

மகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புகார் ஒன்று. போர்வை வலப்பக்கம் நான்கு விரற்கடை அதிகமாகத் தொங்குகிறது. புகார் நான்கு. தண்ணீர்க் குவளையை வேண்டுமென்றே இடப்பக்கம் வைக்கிறார். கேட்டால் சிரிக்கிறார். புகார் ஏழு. நேற்றைய நாட்காட்டித் தாளை இன்னும் கிழிக்கவில்லை. எனக்கு மிச்சமிருப்பதே சில நாள்கள். அதில் ஒன்றை இரண்டு முறை ஓட்டப் பார்க்கிறார்."

தலைமைச் செவிலி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிக்கிறீங்களா மேடம்? இதைக் கேளுங்க. புகார் பதினொன்று. வாய்கூசாமல் பொய் சொல்கிறார். ஞாயிறுதோறும் என் மகன் வந்ததாகவும், நான் தூங்கியதால் எழுப்பாமல் போய்விட்டதாகவும் சொல்கிறார். நான் தூங்கவே..."

குரல் பாதியில் இறங்கியது. அடுத்த நொடியே இரண்டு மடங்காக ஏறியது.

"பார்த்தீங்களா? பொய் வேற!"

"இதுக்கெல்லாம் என்னம்மா சொல்றே?" என்று தலைமைச் செவிலி திரும்பினார்.

"எல்லாம் உண்மைதான் மேடம்."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"ஆமா மேடம். வந்து ஒரு மாசத்துக்கு மேல அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பேச்சும் இல்ல, சரியாச் சாப்பாடும் இல்ல. ஒருநாள் அவசரத்துல போர்வையைக் கோணலாப் போட்டுட்டேன். சட்டுனு திரும்பி, 'முப்பத்தஞ்சு வருஷம் மில்லுல துணியைப் பரிசோதிச்சவன்கிட்டயே கோணலா?'ன்னு ஒரு அதட்டல். அன்னைக்குத்தான் ஒரு டம்ளர் பாலை முழுசாக் குடிச்சார். அதுக்கப்புறம் தினமும் ஏதாவது ஒண்ணைக் கோணலாச் செய்வேன். அவரும் விடியறதுக்கு முன்னாடியே முழிச்சு, இன்னைக்கு எது கோணல்னு தேட ஆரம்பிச்சுடுவார்."

"நல்லாக் கதை கட்டுறீங்க! சாகப்போற மனுஷன்கிட்ட விளையாட்டா?" என்றார் மகன்.

"வலிமருந்து நேரத்துக்குத் தரலைன்னு ஒரு புகாராவது இருக்கா சார்?"

மகன் தாள்களை மேலோட்டமாகப் புரட்டினார். இல்லை.

தோற்றுப்போக அவருக்கு மனமில்லை. ஒரு தாளை உயர்த்திப் பிடித்தார். கண்கள் கலங்கின.

"சரி, அதை விடுங்க. இந்த எழுத்தைப் பாருங்க மேடம். எங்கப்பா முத்து முத்தா எழுதுவார். எப்படிக் கிறுக்கியிருக்கார் பாருங்க! கை நடுங்க நடுங்க, எவ்வளவு நொந்துபோய் எழுதியிருப்பார்! பெத்த பிள்ளை எனக்குத் தெரியாதா அந்த வேதனை?"

தலைமைச் செவிலி தாளிலிருந்து பார்வையை அவர்மேல் திருப்பினார்.

"அப்பாவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க சார்?"

"இங்கே சேர்த்த அன்னைக்கு. வேலை நெருக்கடி மேடம். ஆனா மனசெல்லாம் இங்கேதான் இருந்துச்சு."

"அவருக்கு ஆறு வாரத்துக்கு முன்னாடியே ரெண்டு கையும் செயலிழந்துடுச்சு. ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியல."

மகன் முதல் தாளைப் பார்த்தார். முதல் புகாரின் தேதிக்கு நான்கு வாரம்கூட ஆகவில்லை.

"அப்போ... இதையெல்லாம் எழுதினது?"

செவிலி தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைமைச் செவிலி கட்டின் அடியிலிருந்து, அவர் படிக்காமலே விட்டிருந்த கடைசித் தாளை உருவி, அவர் முன்னால் வைத்தார்.

அதே கிறுக்கல் எழுத்து.

"புகார் இருபத்து மூன்று. நான் சொல்லச் சொல்ல இந்தப் புகார்களை எழுதும் செவிலியின் கையெழுத்து, கோழி கிளறியதுபோல் இருக்கிறது. பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை. ஆயினும் மேலிடத்துக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இவரை மாற்றிவிட வேண்டாம். நாளைய புகாரைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை."