இன்ஸ்பெக்டர் வீட்டு விஷயம்

"டிவி யாருது? என்னுது. கரண்டு யாருது? என்னுது. அப்புறம் இன்னாத்துக்கு எல்லாரும் அவ வாயையே பாத்துக்கினு உக்காந்திருக்கீங்க?"

தனபாக்கியம் போட்ட சத்தத்தில், டிவிக்குள் இருந்த இன்ஸ்பெக்டரே ஒரு கணம் மிரண்டதுபோல் இருந்தது.

"கத்தாத தனபாக்கியம், பேச்சு வுட்டுப்போவுது," என்றாள் பக்கத்து வீட்டுக் கங்கம்மாள். "நீ சொல்லும்மா ரஃபத். அந்தப் பொண்ணு இன்னா ஆனா?"

ஆம்பூரில் அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் டிவி. தனபாக்கியத்தின் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து வாங்கியது. வாரம் ஒருமுறை இந்தியில் ஒரு துப்பறியும் தொடர் வரும். பார்க்க வருகிற பெண்களில் யாருக்கும் இந்தி தெரியாது. எதிர்வீட்டு மஹபூப் பாஷாவின் மகள் ரஃபத் ஜஹான் உருது பேசுகிறவள் என்பதால், அவள்தான் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்வாள்.

ஆரம்பத்தில் கொலை, கைரேகை, மோப்ப நாய் என்று ஒழுங்காகத்தான் போனது. போகப் போகக் கேஸ் கம்மியாகி, இன்ஸ்பெக்டர் வீட்டு விஷயம் ஜாஸ்தியானது. அவருக்கு ஒரு பெண்மேல் ஆசையாம். அவளுக்கும்தானாம். கொலைகாரனைத் துரத்திக்கொண்டு நாலு மாடி ஏறுகிற மனுஷனுக்கு, அவள் வீட்டு ஒரு படி ஏறக் கால் நடுங்குகிறதாம்.

பிணத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்ட பெண்கள் இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ரஃபத்துக்கு ஜமக்காளத்தின் நடு இடம். டீ வந்தால் முதல் டம்ளர் அவளுக்கு. தனபாக்கியத்துக்குக் கிடைத்தது டிவியைப் போடுகிற சுவிட்ச் மட்டும். இதற்குப் பெயர் பொறாமை என்றால் அவள் சண்டைக்கு வருவாள். வேறு பெயர் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

"பொண்ணு பொண்ணுன்றியே," என்று மடக்கினாள் தனபாக்கியம், "ஒரு வாட்டியாவது அவ மூஞ்சியக் காட்டினானா? எப்பப் பாரு இன்ஸ்பெக்டரு, மேசை, டெலிபோனு!"

"டெலிபோன்ல அந்தப் பக்கம் அவதான் அக்கா பேசுறா," என்றாள் ரஃபத்.

"இவளப் போய் சந்தேகப்படுறியே," என்று கங்கம்மாள் பாய்ந்தாள். "தோ நிக்கிறானே அமீர் பாஷா, அவனும் உருதுக்காரன்தான். அவனே வாய மூடிக்கினு கேக்குறான்னா, இவ எவ்ளோ கரெக்டா சொல்றான்னு தெரிய வேணாம்?"

வாசற்படியில் நின்ற அமீர் பாஷா தலையைக் குனிந்துகொண்டான். தெருக்கோடி வீட்டுப் பையன். தோல் மண்டியில் வேலை. படம் ஆடினால் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவதற்கென்று வாரம் தவறாமல் வந்துவிடுவான். படம் ஆடாத வாரமும் வருவான். நல்ல பையன், பேச்சுதான் கிடையாது.

டிவியில் இன்ஸ்பெக்டர் டெலிபோனை எடுத்தார்.

"இன்னாம்மா சொல்றா?" என்றாள் கங்கம்மாள்.

"அவளோட அப்பா..." ரஃபத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா பம்பாய் வியாபாரிக்குப் பேசி முடிச்சுட்டாராம். வெள்ளிக்கிழமை வாக்குக் குடுக்கறாராம். அதுக்குள்ள இவரு வந்து கேக்கலைன்னா, அப்புறம் எப்பவும் கேக்க வேணாம்னு சொல்றா."

"ஐயோ பாவம்!" என்று ஜமக்காளமே மூக்கை உறிஞ்சியது. யாரோ எழுந்து ரஃபத்துக்குத் தண்ணீர் மொண்டு வந்தார்கள். அதுவும் தனபாக்கியத்தின் சொம்பில்.

தனபாக்கியத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "போதும், எழுந்திரு! நீ அழுது எங்கள அழ வெச்சது போதும். மிச்சத்த அமீர் தம்பி சொல்லட்டும்."

"நானா அக்கா?"

"நீதான். உள்ள வா. நடுவுல உக்காரு."

ரஃபத் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. அமீர் பாஷா அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் டெலிபோனில் ஏதோ சொன்னார். அமீர் பாஷா ஜமக்காளத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் சொல்லுடா, பேஜார் பண்ணாத!"

"'பயந்துட்டேன், தப்பு என்னுதுதான்'றாரு," என்று தொடங்கினான். பிறகு, அவனா இவன் என்று எல்லாரும் பார்க்கும்படி, மளமளவென்று சொன்னான். "'நாளைக்குக் காலையிலயே எங்கம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்புறேன். உங்கப்பா திட்டினாலும் பரவால்ல. நீ மட்டும் வேற யாருக்கும் தலையாட்டிடாத'ன்றாரு."

பெண்கள் கைதட்டினார்கள். ரஃபத் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டி ஓடினாள்.

"பாத்தியா, அவமானம் தாங்கல," என்றாள் தனபாக்கியம். அன்றைக்கு முதல் டம்ளர் டீயை அவளே குடித்தாள்.

அடுத்த வாரம் ரஃபத்தும் வரவில்லை, அமீர் பாஷாவும் வரவில்லை. அதற்கும் தனபாக்கியம் வழி வைத்திருந்தாள். குடியாத்தத்திலிருந்து தன் தம்பி ராஜகோபாலையே வரவழைத்தாள். லுங்கி மூட்டையோடு வடக்கே ஊர் ஊராகப் போய் விற்றவன். இந்தி தண்ணீர் பட்ட பாடு. இந்தத் தொடரை ஒரு வாரம்கூட விட்டதில்லை.

"இன்ஸ்பெக்டரு அம்மாவ அனுப்பினாரா? கல்யாணம் எப்போ?" என்று மொய்த்துக்கொண்டார்கள்.

ராஜகோபால் முழித்தான். "கல்யாணமா? அவன் வூட்டையே இதுவரைக்கும் காட்டலையேக்கா. போன வாரம் டெலிபோன்ல பேசினது, பொணத்த அறுத்த டாக்டரு. எப்பவும் கேஸ்தான், கேஸத் தவிர வேற இன்னா?"

மாதம் திரும்புவதற்குள் நிக்காஹ் பத்திரிகை ஒன்று வந்தது, தெருவிலேயே முதலில் தனபாக்கியத்துக்கு. மஹபூப் பாஷா பம்பாய்த் தோல் வியாபாரிக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ரஃபத்தும் அமீர் பாஷாவும் கல்யாணம் முடித்து ராணிப்பேட்டைக்குக் குடிபோய்விட்டார்கள்.