முப்பது விநாடி

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய ஆஸ்பத்திரி அறை. வெளியே கண்டி நகரத்து மத்தியானம். உள்ளே கணினித் திரையின் வெளிச்சம் மட்டும். கதிரையில் அமர்ந்திருக்கும் புடைவைக்கடை றவூப் நானாவுக்கு, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்து நாடி இடப்பக்கம் ஒடுங்கியிருக்கிறது. நெற்றியில் ஒட்டிய இரண்டு பட்டைகள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை மண்டைக்குள் அனுப்ப, மூளையின் இரு பக்க இரத்த ஓட்டமும் திரையில் இரண்டு கோடுகளாக ஊர்கிறது. டொக்டர் கமலாசனி அவற்றைப் பார்த்தபடி நிற்கிறாள். நடையில் சப்பாத்துச் சத்தம் நெருங்குகிறது. நேற்றிலிருந்து யாழ்ப்பாணத்து ஆட்களைப் பொலிஸார் விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள். அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. கதவு தட்டப்படுகிறது.

“தொறந்துடுங்க டொக்டர். உங்களுக்குத்தான் கரச்சல்,” என்கிறார் றவூப் நானா.

“வெளிச்சம் வந்தால் அளவு பிழைச்சுப்போகும். ஒப்பரேஷன் வேணுமோ எண்டு இப்பவே தெரியவேணும். மூச்சை அடக்குங்கோ நானா.”

அவர் அடக்குகிறார். மூச்சு நின்றால் மூளைக்கு இரத்தம் கூடிப் பாயவேண்டும். வலப்பக்கக் கோடு ஏறுகிறது. இடப்பக்கக் கோடு அசையவில்லை. சிங்களத்தில் அதட்டல் கேட்கிறது, கதவு அதிர்கிறது. கமலாசனியின் உதடுகள் விநாடிகளை எண்ணுகின்றன. நானாவின் விரல்கள் கதிரையை இறுகப் பிடிக்கின்றன. முப்பது. “விடுங்கோ.” இடக்கோடு படுத்தே கிடக்கிறது. உடனே ஒப்பரேஷன் தேவை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவர் கையில் திணிக்கிறாள்.

“நான் நாளைக்கு வராட்டியும் இதைப் பெரிய டொக்டரிட்டக் குடுங்கோ.”

கதவைத் திறக்கிறாள். வெளிச்சம் பாய்கிறது. பொலிஸ்காரர் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, வரும்படி கைகாட்டுகிறார். நெற்றிப் பட்டைகளைப் பிய்த்தெறிந்துவிட்டு றவூப் நானா எழுந்து வருகிறார்.

“இவங்க என்ட டொக்டர்,” என்று சிங்களத்தில் சொல்கிறார். “கூட்டிப்போறதுன்னா நானும் வாறேன்.”