எட்டாவது வழி

கம்ப்யூட்டர் அறையில் ஏசி பதினெட்டில் ஓடியது. எஞ்சினியர் தஹானிக்கு மட்டும் வியர்த்தது.

ஜோர்டானில், அம்மான் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தணிக்கை அதிகாரி வந்துவிட்டார். பக்கத்தில் நிர்வாகி டாக்டர் முன்திர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

விஷயம் இதுதான். ஒரே பெரிய சர்வருக்குள் நாற்பது மெய்நிகர் கணினிகள் குடித்தனம். எது செய்தி அனுப்பினாலும் நடுவில் ஒரு மென்பொருளிடம் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்காமல் நெட்வொர்க் கார்டுக்குள் நேரே போக எட்டே எட்டு வழிகள். யாருக்கு எது என்பது நிர்வாகியின் கையெழுத்து.

பச்சைக் குழந்தைகள் வார்டுக்குக் கிடைக்கவில்லை. ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றால், அலாரம் வரிசையில் காத்திருந்து பத்து விநாடி கழித்துத்தான் நர்சுக்குக் கேட்கும். தஹானி மூன்று முறை எழுதிக் கேட்டாள். பதிலே இல்லை. எட்டாவது வழியோ நிர்வாகியின் அறைக்குப் போனது, யார் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்கள் என்று அவர் உட்கார்ந்து பார்க்க.

போன மாதம் ஒன்பதாம் தேதி அதைப் பிடுங்கி வார்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் முன்திர் அவளைக் கூப்பிட்டு அனுப்புவார். "எஞ்சினியரம்மா, என் திரை ஆமையாட்டம் நகருது. உங்க சம்பளம் மட்டும் டாண்ணு வந்துடுது, இல்ல?" பார்க்கிறேன் டாக்டர் என்று தலைகுனிவாள்.

இன்று தப்ப முடியாது. கையெழுத்தில்லாமல் ஒரு வழி மாறியிருந்தாலும் ஆளை அன்றே வெளியே அனுப்பிவிடுவேன் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார்.

அதிகாரி சர்வரையும் நிர்வாகி கையெழுத்திட்ட பட்டியலையும் பேனாவோடு சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து, ஆறு, ஏழு. தஹானி ஓரடி முன்னே வந்தாள். வேலை போனால் போகட்டும். வழியைத் திருப்பிப் பிடுங்கிவிட்டால் அந்தக் குழந்தைகள்?

"டாக்டர், எட்டாவது... அது நான்தான்..."

"ரெண்டு பேர் வேலை பாக்கறப்ப நடுவுல என்ன பேச்சு?" முன்திர் அதட்டிவிட்டு அதிகாரியிடம் திரும்பினார். "நீங்க படிங்க, உஸ்தாத்."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"எட்டு. சர்வர்ல பச்சைக் குழந்தைங்க வார்டு. பட்டியல்லயும் அதேதான். உங்க கையெழுத்து, போன மாசம் ஒன்பதாம் தேதி. சரியா இருக்கு."