மேசையில் மிஞ்சின பை

"இது ஆர் பேக்?"

நேவிக்காரன் திரும்பவும் கேட்டான். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை.

சண்டைக் காலத்தில் திருகோணமலை இறங்குதுறையில் மூதூருக்கு லோஞ்சுப் படகு ஏறுவதென்றால் அப்படித்தான். பைகளை நீட்டு மேசையில் வைத்துவிட்டு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தள்ளி நிற்க வேண்டும். நேவிக்காரன் ஒவ்வொரு பையாகக் காட்டிக் கேட்பான். உரியவர் வந்து தன் கையால் திறந்து காட்ட வேண்டும். ஆளில்லாத பையென்றால் மண்மூட்டைக்கு அங்கால் கொண்டுபோய் வெடி வைத்துவிடுவார்கள்.

எல்லாப் பையும் போய்விட்டது. ஒரு கறுத்தப் பை மட்டும் மிஞ்சிக் கிடந்தது. சிப் கொஞ்சம் விலகி, உள்ளே வயரும் ஒரு சின்னத் திரையும் தெரிந்தன.

நேவிக்காரன் பின்னுக்கு நகர்ந்தான்.

"அம்மா, உங்கட?"

"ஐயோ, எங்கட இல்லை சேர்," என்றாள் குணேஸ்வரி.

அவள்தான் வரிசையில் முன்னுக்கு நின்றவள். பக்கத்தில் மகள் இராசமலர். மகளுக்குப் பேசி முற்றாக்கின மாப்பிள்ளையின் அக்கா புஷ்பவதியும் கூட நின்றாள். பைகளை மேசையில் வைத்த பிறகுதான் அவளைக் கண்டது. கண்ட நேரம் தொட்டுக் கூறைச் சீலைக் கதைதான்.

நேவிக்காரன் மற்றவனைக் கைகாட்டிக் கூப்பிட்டான். பையைத் தூக்கப்போகிறார்கள்.

"பொறுங்க சேர். அது என்ட."

ஆண்கள் பக்கமிருந்து ஆதம்பாவா வந்தார். மூதூர்க் கருவாட்டு வியாபாரி; எல்லாருக்கும் 'நானா', மூத்த அண்ணன் மாதிரி. லோஞ்சில் ஏறினால் கரை சேரும்வரை கதைக்கிற மனுசன். இவ்வளவு நேரமும் வாய் மூடி நின்றாரே என்று எல்லாருக்கும் எரிச்சல்.

"நாக்கைக் கருவாட்டோட காயப்போட்டிட்டே வந்தனீர், நானா? லோஞ்சு வெளிக்கிடப் போகுது," என்றார் ஒருவர்.

"என்ன சாமான் இது?" என்றான் நேவிக்காரன்.

"ஸ்கேன் மெஷின் சேர். முதுகில ஷெல் வெடிச்சுச் சன்னம் பட்டவங்களுக்கு மூத்திரம் முழுக்கப் போகாது. எவ்வளவு தேங்கி நிக்குதெண்டு இதில நம்பர் வரும். கூட நிண்டா டியூப் போட்டு எடுக்கோணும். பார்க்காம விட்டா கிட்னி போயிடும். வெளிநாட்டில இருந்து வந்த சாமான் சேர், இங்க வாங்க ஏலாது."

"செய்து காட்டு."

"இங்கயா?"

"இங்கதான்."

ஆதம்பாவா தலையைக் குனிந்துகொண்டு சேட்டைத் தூக்கினார். பைக்குள் இருந்த ஜெலியை எடுத்துப் பூசினார். வயரின் நுனியில் இருந்த குமிழை நெஞ்சுக்குக் கீழே வைத்து அழுத்தினார்.

திரையில் ஒன்றும் வரவில்லை. நேவிக்காரனின் முகம் மாறியது.

ஆதம்பாவா அங்குமிங்கும் பார்த்தார். பெண்கள் பக்கம் பார்வை ஒரு கணம் நின்றது. பிறகு சாரத்தைக் கொஞ்சம் இறக்கி, குமிழை அடிவயிற்றில் வைத்தார்.

கீக் என்றது மெஷின். நம்பர் வந்தது.

"முப்பது சேர். வடிவாப் போயிருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது.

"ஒண்டுக்குப் போனதையும் அரசாங்கத்துக்குக் காட்டிப்போட்டீர், நானா."

நேவிக்காரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொல்லிக் கையை அசைத்தான்.

லோஞ்சிலும் அதே பகிடிதான். என்றைக்கும் கதைக்கிற ஆதம்பாவா அன்றைக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

புஷ்பவதி சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். "இந்த நோய் வருத்தத்தை மறைச்சு ஆரோ ஒருத்தியின்ட தலையில கட்டி வைச்சிருப்பினம், என்ன மாமி?"

"அதுதானே," என்றாள் குணேஸ்வரி. மற்றவர்களை விடக் கொஞ்சம் உரத்த குரல். "வருத்தக்காரர் வீட்டில கிடக்க வேணும். பொம்பிளையள் நிக்கிற இடத்தில வயித்தைத் திறந்து காட்டிக்கொண்டு."

இராசமலர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூதூர் வந்தது. புஷ்பவதி ஓட்டோ பிடித்து, கையசைத்துவிட்டுப் போனாள். சனம் கலைந்தது.

ஆதம்பாவா நேரே இராசமலரிடம் வந்தார்.

"இந்தாங்க மகள், உங்கட சாமான்."

இராசமலர் வாங்கினாள்.

"காலையில கிளினிக்கில நேர்ஸ் உங்களுக்கு இதைப் படிப்பிக்கக்க, அடுத்த வாங்குப் பலகையில நான் பிறசருக்குக் குளிசை எடுக்க இருந்தன். வயித்தில வைக்கிறதெண்டு மட்டும்தான் விளங்கினது. எந்த இடமெண்டு தெரியல்ல. நல்ல வேளை, நீங்க அங்கயிருந்து உங்கட அடிவயித்தில கைய வைச்சுக் காட்டினீங்க."

"நானா..." என்றாள் குணேஸ்வரி.

"அதை விடுங்க தங்கச்சி. பிள்ளை மெஷின் வைச்சுப் பார்த்துக் கன நேரமாச்சு. கெதியாக் கூட்டிட்டுப் போங்க."

அவர் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். கடைத்தெருவில் நின்ற யாரோ அதற்குள் கேள்விப்பட்டு, "என்ன நானா, இப்ப எத்தினை காட்டுது?" என்று கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குணேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். பைக்குக் கையை நீட்டினாள்.

"தா மலர், பாரம். அம்மா கொண்டு வாறன்."

இராசமலர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மா. இது எங்கட இல்லையெண்டு சொன்னனீங்கள்தானே."