அந்தோணியம்மாள் அவர்கள்

மாஜிஸ்திரேட் கங்காதரனின் விரல்கள் மேஜைமேல் ஓயாமல் தாளம் போடுகின்றன. தலைக்கு மேலே பங்கா கிறீச்சிடுகிறது. சாந்தோம் கடல்காற்று ஜன்னல்வரை வந்துவிட்டு உள்ளே நுழையாமல் நிற்கிறது. மீன்கூடையை எட்டி உதைத்துக் கன்னத்தில் அறைந்ததாக மார்க்கெட் குத்தகைக்காரர்மேல் பிராது கொடுத்தவள் அந்தோணியம்மாள். மூன்று தரம் கூப்பிட்டும் அவள் வராவிட்டால் பிராது தள்ளுபடி. எதிர்த்தரப்பு வக்கீல் இப்போதே எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறார். “அந்தோணியம்மாள் அவர்களே” என்று வாசலில் டவாலி கலீமுல்லா இரண்டாவது தரமாகக் கூவுகிறார். இந்தக் கோர்ட்டில் யாரையும் ‘ஏ’ போட்டுக் கூப்பிடக் கூடாது, பெயரோடு ‘அவர்கள்’ சேர்க்க வேண்டும் என்பது கங்காதரன் போன வாரம் போட்ட உத்தரவு. வராந்தாவில் சின்னச் சலசலப்பு, அவ்வளவுதான், யாரும் வரவில்லை. கலீமுல்லா திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வை என்ன கேட்கிறதென்று கங்காதரனுக்குத் தெரியும். நாற்காலியில் நெளிகிறார், கழுத்துப்பட்டியைத் தளர்த்துகிறார், கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல் தலையை அசைக்கிறார். “ஏ மீன்காரி, அந்தோணி” என்கிறது பழைய குரல். கதவோரத்திலிருந்தே ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து கைகட்டி நிற்கிறாள். “இங்கேதானே நின்னீங்க? முதல்லயே கூப்பிட்டாரே, காதுல விழலையா?” என்று கேட்கிறார் கங்காதரன். “வுழுந்துச்சி சாமி. யாரோ பெரிய வூட்டு அம்மா வர்றாங்கோன்னு, வழி வுட்டு ஒதுங்கி நின்னுக்கினு இருந்தேன்.”